கேல் நகரத்து வீடுகள்

பெல்ஜிய நாட்டின் வடபகுதியில், ஆண்ட்வெர்ப் துறைமுக நகரிலிருந்து கிழக்கு நோக்கிப் புகைவண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் கேல் என்னும் ஊர் வருகின்றது. ஊரார் அப்பெயரை அடித்தொண்டையிலிருந்து ஒலிக்கின்றனர். நம் நாவுக்கு அது எளிதில் வாராது. மணற்பாங்கான சமவெளி. மலையுமில்லை, கடலுமில்லை. புரூசெல்சுக்கும் புரூஜுக்கும் திரண்டு செல்லும் சுற்றுலாக் கூட்டம் இப்பக்கம் மிகுதியாக வருவதில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகளாக ஒருவகைப் பயணிகள் இவ்வூரைத் தேடி வந்தவண்ணம் இருந்தனர். மனம் பேதலித்தோரும், அறிவு வளர்ச்சி குன்றியோரும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்த உற்றாருமே அப்பயணிகள்.

இவ்வூரைக் காணவேண்டும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. பங்கில் இல்லம் சந்திக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. மற்ற வீடுகள் சில வேளைகளில் பூட்டியிருக்கும். கடைக்குப் போயிருப்பர், ஊருக்குப் போயிருப்பர். ஆட்டிசமோ, மூளை முடக்குவாதமோ, அறிவுசார் குறைபாடோ உடைய பிள்ளையிருக்கும் வீட்டில் மட்டும் எந்நேரம் சென்றாலும் தாய் இருப்பார். போவதற்கு இடமில்லாமல் அன்று. பிள்ளையை விட்டுப்போக ஆளில்லாமையால். உடன்பிறந்தாள் மகளின் திருமணத்துக்கும் போகாதவர்கள் உண்டு. தமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்வதைக்கூடத் தள்ளிப்போட்டு, பிள்ளை உறங்கும் நேரம் பார்த்து ஓடிவருவோர் உண்டு. இத்தகையோர் சற்று மூச்சு விடும்பொருட்டு, பிள்ளையைச் சில மணி நேரமோ சில நாள்களோ பிறர் பொறுப்பேற்றுப் பேணுவதை இளைப்பாறல் பராமரிப்பு என்கின்றனர். நம் நாட்டில் அதைத் தேடிக் களைத்த பெற்றோர் பலர். அது எத்தகைய மண்ணில் முளைக்கும் என்பதைக் கேல் நகரில் காணலாம்.

ஊரின் காவலி புனித திம்ப்னா. அயர்லாந்து நாட்டு அரசன் மகள் என்பர். தாய் இறந்ததும் துயரால் மதியிழந்த தந்தை தன் மகளையே மணக்க விழைந்தான். அவள் தன் ஆன்ம குருவாகிய கெரபெர்னுடன் கடல் கடந்து இங்கு வந்து ஒளிந்தாள். தேடிவந்த தந்தையின் கையாலேயே மடிந்தாள். 13-ஆம் நூற்றாண்டில் கம்பரே நகரக் குரு ஒருவர் மக்கள் வாய்மொழியிலிருந்து எழுதிவைத்த கதை இது. இதில் வரலாறு எவ்வளவு என்று ஆய்வோர் ஐயுறுவர். மதியிழந்த தந்தையால் மாண்டவள், மதியிழந்தோர்க்கே துணைவியாகிவிட்டாள் என்று மக்கள் உணர்ந்தது மட்டும் உறுதி. அவள் பெயரால் நிற்கும் ஆலயத்தின் கட்டடப் பணி 1349-இல் தொடங்கிற்று.

ஆலயத்தை ஒட்டி நோயாளர் அறை ஒன்று இருந்தது. அழைத்துவரப்பட்டவர்கள் அங்குத் தங்கி ஒன்பது நாள் நவநாள் செய்வர். உயர்த்தி வைக்கப்பட்ட திருப்பண்டப் பேழையின் அடியில் தவழ்ந்து செல்வர். பயணிகள் பெருகப் பெருக அறை போதவில்லை. காத்திருந்தோரை ஊரார் தம் வீடுகளில் ஏற்றனர். நவநாள் முடிந்தும் குணம் காணாதோர் சிலர் அவ்வீடுகளிலேயே தங்கினர். இப்படித் திட்டமின்றித் தொடங்கியதே கேல் நகரத்துக் குடும்பப் பராமரிப்பு. புதுமை நடந்தவர்களைப் பற்றித் திருத்தல வரலாறுகள் விரிவாகப் பேசும். புதுமை நடவாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இவ்வூர் அளித்த விடையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

எல்லாம் அன்பினாலேயே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தங்குவோருக்காகக் குடும்பங்கள் பணம் பெற்றன. வயலிலும் தொழுவத்திலும் அவர்கள் கைகள் பயன்பட்டன. முரண்டு செய்தோரை விலங்கிட்ட காலமும் உண்டு. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அரசு இப்பணியைத் தன் மேற்பார்வையில் கொண்டுவந்தது. மருத்துவர் வந்தனர், மருத்துவமனை எழுந்தது. 1938-இல் இவ்வாறு தங்கியிருந்தோர் தொகை 3,700-ஐக் கடந்தது. ஊர் மக்கள் தொகையோ அன்று ஏறத்தாழ 16,000. ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

இன்று அத்தொகை இருநூறுக்கும் கீழே குறைந்துவிட்டது. உழவு குறைந்தது, பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர், மருந்துகளும் வேறு ஏற்பாடுகளும் வந்துவிட்டன. ஆயினும் வழக்கம் அழியவில்லை. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் மரபுப் பாதுகாப்பின் நல்ல நடைமுறைகளுள் ஒன்றாக இதைப் பதிவு செய்தது. வந்து தங்குபவருக்குத் தனியறை உண்டு. உணவோ குடும்பத்தாரோடு ஒரே மேசையில். நோயின் பெயரைக் குடும்பத்துக்கு விளக்கி அச்சுறுத்துவதில்லை. அவரோடு வாழ்வதற்கு எது தெரியவேண்டுமோ அதைச் சொல்கின்றனர். மருத்துவமனைச் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். இடர் நேரின் மருத்துவமனை ஏற்றுக்கொள்கின்றது. தாய் பேணியவரை அவருக்குப்பின் மகள் பேணிய குடும்பங்களும் உண்டு. சந்தைச் சதுக்கத்தில் அரை நாள் அமர்ந்திருந்தேன். வருவோர் போவோரில் எவர் விருந்தினர், எவர் ஊரார் என்று பிரித்தறிய என்னால் இயலவில்லை.

குடும்பத்தார் அஞ்சாமைக்குக் காரணம் அவர்கள் நம்மினும் நல்லவர்கள் என்பதன்று. சிறு வயது முதல் பார்த்துப் பழகியிருக்கின்றனர். பின்னால் மருத்துவமனை நிற்கின்றது என்றும் அறிந்திருக்கின்றனர். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அயலாரை நோவதில் பயனில்லை.

கேல் நகரத்து வழக்கம் நெடுங்காலத் தங்கலுக்கு உரியது. சிலநாள் இளைப்பாறலுக்கும் அந்நாட்டார் வழி செய்துள்ளனர். பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியாகிய பிளாண்டர்சில் 2012-இல் நிறைவேறி 2014 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், துணைநிற்கும் குடும்பப் பராமரிப்பு என ஒன்றை ஏற்கின்றது. பிள்ளை தன் பெற்றோரிடமே வளரும். வார இறுதியிலோ விடுமுறையிலோ இன்னொரு குடும்பம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும். குறைபாடுடைய பிள்ளைகளுக்கும் வளர்ந்தோருக்கும் இது உண்டு. பிள்ளையைப் பறித்துக்கொள்வதும் அன்று, விட்டுவிடுவதும் அன்று. நம் தாய்மார் பலர் உதவி கேட்கவே கூசுவது இவ்வேறுபாடு தெளிவாகாமையால்தான். “விடுதியில் தள்ளிவிட்டாள்” என்று மாமியார் வீட்டார் சொல்வார்களே என்னும் அச்சம்.

நம் நாட்டிலும் வாசல் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்கானது. குடும்பம் நெருக்கடியில் இருக்கும்போது தேவையான பணியைச் செய்யப் பதிவு பெற்ற அமைப்புகளுக்குத் துணை செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. உங்கள் மாவட்டத்தில் அத்தகைய அமைப்பு எது, அது சிலநாள் தங்கலுக்குப் பிள்ளைகளை ஏற்குமா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். கன்னியர் நடத்தும் சிறப்புப் பள்ளிகளையும் கேளுங்கள். அறுவை மருத்துவம் குறித்த பின்பு ஓடுவதைவிட, வீட்டில் எல்லாரும் நலமாயிருக்கும்போதே கேட்டுவைப்பது நன்று. இடத்தை நேரில் பாருங்கள். பகலில் மட்டுமன்று, மாலை மங்கிய பின்னும். இரவில் விழித்திருப்பவர் யார், குளிப்பாட்டுபவர் யார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை என்று தயங்காமல் வினவுங்கள். கேட்பதால் சினம் கொள்ளும் இடத்தில் பிள்ளையை விடவேண்டாம். முதலில் ஒரு பிற்பகல், பிறகு ஒரு நாள், அதன்பின்னரே ஓர் இரவு. மருந்தின் பெயரும் வேளையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. பசித்தால் எப்படிக் காட்டுவான், எந்த ஓசைக்கு அஞ்சுவான், எந்தத் துணி கையிலிருந்தால் உறங்குவான் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கேல் நகரிலிருந்து திரும்பியதும் இவற்றையெல்லாம் எங்கள் பங்கின் ஓர் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அவர் கணவரும், தெருவிலுள்ள ஒரு பையனை ஞாயிறு காலை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவனுக்கு வயது பதினொன்று, பேச்சு வராது, கதவைத் திறந்தால் ஓடிவிடுவான். முதல் மூன்று வாரம் தாயும் உடனிருந்தார். நான்காம் வாரம் விட்டுவிட்டு வந்தார். அதுவரை அவன் பெற்றோருள் ஒருவர் முதல் திருப்பலிக்கும் மற்றவர் இரண்டாம் திருப்பலிக்குமாக மாறிமாறி வந்துகொண்டிருந்தனர். அந்த ஞாயிறு இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். திருப்பலி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெரு வழியாக மெல்ல நடந்து போனார்கள்.