அனாமத்துக் கணக்கு

அது ஒரு வியாழக்கிழமை இரவு. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வந்த கூட்டம் கலைந்து, மெழுகுவர்த்தி விற்பவர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டு ஆடிட்டர் கையில் நான்கு தாள்களுடன் படியேறி வந்தார். ஆங்கிலத்தில் கம்ப்யூட்டரில் அடித்த தாள்கள்.

"தம்பி, இதைத் தமிழ்ல எழுதிக் குடுக்கணும். அவசரமே இல்ல. சனிக்கிழமைக்குள்ள கிடைச்சாப் போதும்."

வியாழன் இரவு கொடுத்துச் சனிக்கிழமை கேட்பதற்கு எங்கள் தொழிலில் அவசரமில்லை என்று பெயர். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமையோடு பதவி முடிகிறது. கையிலிருந்தது அவருடைய விடைபெறும் உரை. பெரிய அமைப்பு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆடிட்டர்களுக்கென்று சட்டப்படி உள்ளது, 1949 ஜூலை 1-ல் உருவான இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். அதன் பெங்களூர்க் கிளை வசந்த நகரில், பழைய மில்லர் ஏரிப் படுகையில் இருக்கிறது. மாநில அளவில் 1957 முதல் ஒரு சங்கமும் உண்டு. இவருடையது இவை எதிலும் சேராதது. ஊரின் இந்த மூலையில் தொழில் நடத்தும் நாற்பது ஐம்பது பேர் மாதம் ஒருமுறை கூடி, புதிய சட்டத் திருத்தங்களைப் பேசி, காபி குடித்துக் கலையும் சங்கம். ஆனால் பழக்கவழக்கம் எல்லாம் பெரிய இடத்தைப் பார்த்து வந்ததுதான். தலைவர் பதவி ஒரே ஒரு வருடம். வருட முடிவில் ஓர் உரை, ஒரு சால்வை, ஒரு பழக்கூடை.

தமிழ் எதற்கு என்று கேட்டேன். கூட்டம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலுமாக நடக்கும். தமிழ் தெரிந்தவர்களும் அங்கே ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"அம்மாவுக்கு" என்றார்.

அவர் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர். கணவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் அது மூடப்பட்ட பிறகு அந்த அம்மாள் மகனோடு விவேக் நகருக்கு வந்துவிட்டார். தமிழ் மட்டும் படிப்பார். தினத்தந்தியை எழுத்து விடாமல், டெண்டர் விளம்பரம் வரை படிப்பார். மகன் ஆடிட்டர் ஆனது தெரியும். ஆடிட்டர் என்ன செய்கிறார் என்பது இன்று வரை தெளிவாகவில்லை என்று அவரே சொல்வார். ஒரு தடவையாவது தன் பேச்சை அம்மா படிக்கட்டும் என்று மகனுக்கு ஆசை. நியாயமான ஆசைதான்.

முதல் மூன்று பக்கங்களில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. இப்படிப்பட்ட உரைகளை இருபது வருடமாக மொழிபெயர்த்து வருகிறேன். கூட்டுறவுச் சங்கத் தலைவர், தொழிற்சங்கச் செயலாளர், லயன்ஸ் கிளப் கவர்னர் யாராயிருந்தாலும் வடிவம் ஒன்றுதான். முதலில் கனத்த இதயம். பிறகு நன்றி, அதிலும் துணைவியாருக்கு நன்றி. பிறகு எண்கள்: எத்தனை கருத்தரங்கு, ஜி.எஸ்.டி. பற்றி எத்தனை வகுப்பு, எத்தனை யூனிட் ரத்தம். கடைசியில் புதிய தலைவர் கையில் சங்கம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கை இல்லாமல் விலகிய தலைவரை நான் இதுவரை மொழிபெயர்த்ததில்லை.

ஒரே ஓர் இடத்தில் பேனா நின்றது. 'விடைபெறுகிறேன்' என்று எழுதலாம், இலக்கணம் சரி. ஆனால் அந்த அம்மாள் படிக்கப் போகிறார். தமிழ் வீட்டில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை. பால் வாங்கப் போனாலும் 'போய்ட்டு வரேன்'தான். இவரோ திரும்பி வரப்போவதில்லை. ஒருமுறை தலைவராக இருந்தவர் மறுபடி நிர்வாகக் குழுவுக்கே வரக்கூடாது என்று இவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதுவும் தில்லியைப் பார்த்து வந்த பழக்கம். கணக்காளர் நிறுவனத்தில் தலைவராக இருந்தவர் அதன் பின் மத்தியக் கவுன்சிலில் உறுப்பினராகக்கூட ஆக முடியாது என்று 2006-ல் சட்டத்தையே திருத்தினார்கள். நாற்காலியைப் பிரிய மனமில்லாத தலைவர்களைப் பார்த்தே வளர்ந்த நம் போன்றவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. கணக்கு எழுதுபவர்களுக்காவது வருடம் முடிந்தால் ஏட்டை மூடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

நான்காம் பக்கத்துக்கு வந்தேன். பாதிப் பக்கத்துக்குப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அடித்ததைப் படிக்காமல் விடுவது மொழிபெயர்ப்பாளனின் குணம் அல்ல.

ஒரு மாணவனைப் பற்றி எழுதியிருந்தார். ஆடிட்டர் படிப்புக்குத் தேர்வு மட்டும் போதாது. ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து வேலை கற்க வேண்டும். முன்பு 3 ஆண்டுகள்; 2023-ல் வந்த புதிய திட்டத்தில் 2 ஆண்டுகள். ஒரு காலத்தில் கற்றுக்கொள்ள வருகிறவன்தான் சீனியருக்குப் பணம் கட்டினான். பிறகு சீனியர் மாணவனுக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று விதி வந்தது. பணம் போகும் திசை மாறியது, அதிகாரம் மாறவில்லை. நடுவில் வேறு அலுவலகத்துக்கு மாற வேண்டுமென்றால் பழைய சீனியர் கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். அவர் போடாவிட்டால் பையனின் காலம் தேங்கிவிடும்.

இந்தப் பையன் ஒன்றரை வருடம் பாங்குக்கும் மின்சார ஆபீசுக்கும் நடந்ததைத் தவிர வேறொன்றும் கற்கவில்லை. தணிக்கைக்கு அவனை அழைத்துப் போனதே இல்லை. வேறிடம் போகிறேன் என்றால் சீனியர் கையெழுத்துப் போட மறுத்தார். சங்கத் தலைவர் சொன்னால் கேட்பார் என்று நம்பி எங்கள் ஆடிட்டரிடம் மூன்று முறை வந்திருக்கிறான். அந்தச் சீனியர் இவருடைய நண்பர். இவரைத் தலைவராக முன்மொழிந்தவரும் அவர்தான். 'அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார். பிறகு பையன் வருவது நின்றுவிட்டது. படிப்பையே விட்டுவிட்டான் என்று யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

கடைசி வரி இப்படிப் போனது: இந்த வருடக் கணக்கில் இந்த ஒரு தொகையை நான் 'சஸ்பென்ஸ்' கணக்கில் வைத்துவிட்டுப் போகிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடம் விருந்து. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர். வரவும் பற்றும் ஒத்துவராதபோது, தவறு எங்கே என்று தெரியும் வரை வித்தியாசத் தொகையைப் போட்டு வைக்கும் இடம். 'அனாமத்தா கிடக்குது' என்று கேட்பாரற்ற பொருளைச் சொல்கிறோம் அல்லவா, அதே சொல். 'அமானத்' என்ற சொல்லின் வழிவந்தது. நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். அடைக்கலப் பொருளுக்கு இருந்த பெயர் நம் வாயில் எப்படியோ கேட்பாரற்ற பொருளின் பெயராகிவிட்டது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கோடு யார் போட்டது என்று கேட்டேன்.

"எங்க கமிட்டில ஒரு பெரியவர். 'இது ஃபேர்வெல் ஸ்பீச்சய்யா, பாவசங்கீர்த்தனம் இல்ல'ன்னாரு. அவர் சொல்றதும் சரிதான தம்பி?"

நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் போன வருடம் கம்பெனிச் சட்டம் பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்த புண்ணியத்தில் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கம்பெனியின் ஆடிட்டர் நடுவில் விலகினால், 30 நாட்களுக்குள் ஏன் விலகினேன் என்று காரணம் எழுதிக் கம்பெனிக்கும் பதிவாளருக்கும் கொடுக்க வேண்டும். 'வேலைப் பளு' என்று எழுதி நழுவியவர்கள் உண்டு. நேராகச் சொன்னவர்களும் உண்டு. 2018 மே மாதத்தில் மன்பசந்த் பெவரேஜஸ் என்ற குளிர்பானக் கம்பெனியிலிருந்து டெலாய்ட் விலகியபோது, கேட்ட தகவல்கள் தரப்படவில்லை என்று காரணம் வந்தது. அதற்குப் பிறகு பங்குச் சந்தை ஆசாமிகள் ஆடிட்டரின் விலகல் கடிதத்தை லாப நஷ்டக் கணக்கைவிடக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். பட்டியலிட்ட கம்பெனிகளில் ஆடிட்டர் விலகுவதற்கு 2019 அக்டோபரில் செபி தனியாக விதி போட்டது.

இதைச் சொல்லி, "ஊரார் கம்பெனியிலேர்ந்து போகும்போது காரணம் எழுதணும்னு உங்களுக்குச் சட்டம் இருக்கு. சொந்தச் சங்கத்திலேர்ந்து போகும்போது மட்டும் நன்றி சொன்னாப் போதுமா சார்?" என்றேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். காபி குடித்த வீட்டில் கேட்கக்கூடிய கேள்வியல்ல.

அவர் கோபப்படவில்லை. "இன்னொண்ணும் இருக்கு" என்றார். "ஒரு கம்பெனிக்குப் புது ஆடிட்டரா போறவர் பழைய ஆடிட்டருக்கு முதல்ல லெட்டர் போடணும். எழுத்துல, அக்னாலட்ஜ்மென்ட்டோட. போடாம வேலையை ஏத்துக்கிட்டா அது ஒழுங்கீனம். எதுக்குன்னா, போறவருக்கு எதாவது தெரிஞ்சிருக்கும். அவர் வாயைத் திறக்க ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும்." சற்று நிறுத்திவிட்டு, "எங்க சங்கத்துல புதுத் தலைவர் என்கிட்ட கேட்டது சாவியும் செக் புக்கும்தான்" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. அடித்த பகுதியை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளி இரவு அதையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன். வேண்டாமென்றால் கடைசித் தாளை எடுத்துவிட வசதியாக, தனித் தாளில் எழுதினேன். முடிவில் 'விடைபெறுகிறேன்' என்றே போட்டேன்.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் இல்லை. அம்மாள் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கேயே படிக்க ஆரம்பித்தார். நான்கு தாளையும் படித்தார். கருத்தரங்கு பற்றியோ ரத்த தானம் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா கண்ணு, அந்தப் புள்ள இன்னா ஆனான்?"

தெரியாது என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு கீழ எறங்கும்போது டோக்கன் வாங்கினுதான் எறங்குவாரு. மேல வந்தா திருப்பிக் குடுக்கணும். ஷிப்ட் முடிஞ்சா எண்ணிப் பாப்பாங்க. ஒண்ணு கொறஞ்சாலும் யாரோ ஒருத்தன் இன்னும் கீழ இருக்கான்னு அர்த்தம். யாரும் ஊட்டுக்குப் போக மாட்டாங்க." தாள்களை மடித்தார். "என் புள்ள டோக்கன எண்ணாம ஊட்டுக்கு வந்துட்டானா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் அதை மகனிடம் கேட்டாரா என்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சால்வை போர்த்தி, மைசூர் பேட்டா வைத்தார்கள். பேட்டா தலைக்குச் சிறியதாக இருந்ததால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார். மூன்று பக்கமும் வாசித்தார், வழக்கமான இடங்களில் கை தட்டினார்கள். நான்காம் பக்கம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். முடிந்தது என்று நினைத்து இரண்டாம் வரிசையில் சிலர் எழுந்தார்கள்.

பேட்டாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல் பேசினார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பையன் பெயரையும் சொல்லவில்லை, சீனியர் பெயரையும் சொல்லவில்லை. தன் பெயரை மட்டும் சொன்னார். மூன்று முறை வந்தான், மூன்று முறையும் நான் பொய் சொன்னேன் என்றார். சஸ்பென்ஸ் கணக்கு என்ற அலங்காரத்தை விட்டுவிட்டார். மொழிபெயர்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சிறு வருத்தம்.

சபையில் சத்தமில்லை. கைதட்டலும் இல்லை. சிலர் செல்போனைப் பார்த்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் எழுந்து, சாப்பாட்டுக்குக் காத்திராமல் வெளியே போனார். பென்சில் கோடு போட்ட பெரியவர் மைக்கை வாங்கி, பிசிபேளாபாத் ஆறுகிறது என்று அறிவித்தார்.

சாப்பிடும் இடத்தில் புதுத் தலைவர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர். தட்டை வைத்துவிட்டு, "சார், அந்தப் பையனோட நம்பர் குடுங்க" என்றார்.

ஆடிட்டர் செல்போனைத் துழாவினார். எட்டு மாதத்துக்கு முந்தைய குறுஞ்செய்தி ஒன்று கிடைத்தது. 'ஞாபகப்படுத்துகிறேன் சார்' என்று மட்டும் இருந்தது. பதில் போட்டிருக்கவில்லை. அந்த எண்ணை அங்கேயே நின்று அழைத்தார்கள். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

ஹொசூர் பக்கம் ஏதோ ஊர் என்று ஒருவருக்கு ஞாபகம் இருக்கிறது. மாணவர் பதிவு எண்ணை வைத்துத் தேடலாம் என்கிறார் புதுத் தலைவர். தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு தாள்களும் அம்மாளின் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. வியாழக்கிழமை கோயிலுக்குப் போகும்போது என்னைப் பார்த்தால், அந்தப் புள்ள கெடைச்சானா என்று கேட்கிறார். போன வியாழனும் கேட்டார்.