மீட்பு ஓடும் நேரம்

ஆறு டிஸ்க் வாங்கப் போகிறேன், அவற்றை ஒரே தொகுப்பாக (அரேயாக) இணைக்க எந்த ரெய்டு போடலாம் என்று வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: ஒரு டிஸ்க் போய், மாற்று டிஸ்க் நிரம்பி மீட்பு முடியும்வரை எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பவே 22 மணி நேரம் பிடிக்கும். அதுவும் சர்வர் சும்மா இருந்தால். ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் இழுக்கும்.

ரெய்டு 5இல் அந்த நேரம் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. மிச்சமுள்ள ஐந்திலிருந்தும் 80 டெராபைட்டைப் பிசகில்லாமல் படித்தாக வேண்டும். பல சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளோ, 12.5 டெராபைட்டுக்கு ஒரு செக்டார் படிக்க முடியாமல் போகலாம் என்கிறது. நடைமுறையில் அவை அதைவிட ஒழுங்காகவே உழைக்கின்றன. இருந்தாலும் அடுத்தவர் டேட்டாவை வைத்துச் சூதாட எனக்கு மனமில்லை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு நிலைகளை வகுத்தபோது ஒப்பிட்டுக் காட்டிய சின்ன டிஸ்க் 100 மெகாபைட்தான், 16 டெராபைட் அல்ல.

ஆகவே வீடியோ ஃபைல்களுக்கு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6. ஆறு டிஸ்க்கின் 96இல் 64 டெராபைட் மிஞ்சும். டேட்டாபேஸ் என்றால் ரெய்டு 10, கைக்கு வருவது 48. "பாதிக் காசு வீணாப் போகுதே சார்" என்பார்கள். அதற்கு என் பதில்: கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா எழுதும் ஒவ்வொரு முறையும் ரெய்டு 6 ஆறு தடவை டிஸ்க்கைத் தொடும், ரெய்டு 10 இரண்டே தடவை.

நிலையைவிட டிஸ்க்கின் குணத்தைப் பார்ப்பதில்தான் எனக்கு நேரம் போகிறது. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க், கெட்ட செக்டாரோடு ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். அரேயை நடத்தும் கன்ட்ரோலர் அவ்வளவு காத்திருக்காது. உயிரோடிருக்கும் டிஸ்க்கைச் செத்தது என்று வெளியே தள்ளிவிடும். நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) டிஸ்க் ஏழு நொடியில் 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். மற்ற டிஸ்க்குகளிலுள்ள பாரிட்டியை (சரிபார்ப்புத் தகவலை) வைத்து அரே சமாளித்துக்கொள்ளும். எஸ்எம்ஆர் டிஸ்க் இன்னொரு தொல்லை. நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். மீட்பின்போது அது நொண்டி அடிக்கும். நாஸுக்கென்று விற்றவற்றிலேயே சில அந்த வகை என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் இப்போது நான் பில் போட விடுவதில்லை.

ஆறையும் ஒரே பெட்டியிலிருந்து எடுப்பதுமில்லை. கூடவே ஓடியவை கூடவே தளரும். இரண்டு கடையில் வாங்கினால் அலைச்சல்தான், பரவாயில்லை.

ஏழாவதற்குக் காசிருந்தால், அதை அரேயில் செருகாமல் முக்கியமான ஃபோல்டர்களின் பேக்கப்புக்கென்று வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்வேன். யாராவது தவறுதலாக டெலிட் அடித்தால், அந்த அழிப்பையும் ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் அப்படியே எழுதிவைக்கும்.