தோலை இழுக்கும் கைகள்

அரியாங்குப்பத்தில் கடலூர்ச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, அரிக்கமேட்டைத் தாண்டிப் போனால் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேரைத் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் அது. வலையும் படகுமாக இருக்கும் இந்த மீனவர் ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியாரும் மருமகளும் பழைய கடித உறைகளிலிருந்து தபால்தலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் தபால்தலை விற்கும் ஒருவர் உறைகளை மூட்டையாகக் கொடுத்தனுப்புகிறார். ஒரு தபால்தலைக்கு இவ்வளவு என்று கூலி.

மூட்டையில் பாதிக்கு மேல் பிரான்சிலிருந்து வந்த உறைகள். புதுச்சேரியில் இது வியப்பில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அங்கிருந்து எழுதியவை, ஓய்வூதியக் காகிதங்கள் வந்தவை எல்லாம் கடைசியில் இந்தத் திண்ணைக்கு வந்துசேர்கின்றன. உறையின் மூலையில் பிரெஞ்சுக் குடியரசின் உருவகப் பெண்ணான மரியானின் முகம். விளிம்பில் அலை அலையாக வெட்டிய பல். அநேகமாக எல்லாமே முதுகை நனைக்காமல், உரித்து அப்படியே ஒட்டும் ரகம்.

இந்தியத் தபால்தலை என்றால் கதை வேறு. பெரும்பாலும் நனைத்து ஒட்டுகிற பசைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவைத்தால் தானே நழுவி வரும். மரியான் தலைகளில் பல தண்ணீருக்கு அசைவதில்லை. "தண்ணில போட்டா தாளுதான் ஊறும் தம்பி. கோந்து அப்பிடியே இருக்கும். இழுத்தா ஸ்டாம்ப்புதான் கிழியும்" என்றார் மாமியார். ஸ்டிக்கர் பொட்டின் முதுகில் இருக்கும் வகைப் பசைதான் இது. நாள் முழுக்க நெற்றி வியர்வையைத் தாங்குகிற பசையைத் தண்ணீரா கரைக்கும்?

அவர் முப்பது வருடத்துக்கு மேல் மீன் கூடை சுமந்தவர். முழங்கால் விட்டுப்போனதும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்தார். உறையைத் தலையைச் சுற்றி வெட்டி, தலை குப்புற இருக்கும்படி கண்ணாடித் துண்டின்மேல் வைக்கிறார். ஊசி இல்லாத சிரிஞ்சால் தாளின் முதுகில் ஹெப்டேன் என்ற கரைப்பானைச் சொட்டுகிறார். தாள் எண்ணெய் பட்டதுபோலக் கண்ணாடியாகிறது. மறுபக்கத்து முகம் நிழலாகத் தெரிகிறது. சில நொடி பொறுத்து ஒரு மூலையில் தாளை நகத்தால் கிளப்பி, மடக்கி, பின்னோக்கி இழுக்கிறார். தலை கண்ணாடியோடு படிந்தே கிடக்கிறது. வளைவதெல்லாம் தாள்தான்.

எல்லோரும் தலையைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள். தூக்கினால் தலை சுருண்டு, நடுவில் கோடு விழுந்து, சேகரிப்பவருக்கு உதவாமல் போகும். "கிளாத்தி மீன் உரிக்கிற மாதிரிதான். தோலத்தான் இழுக்கணும், சதைய இழுக்கக் கூடாது" என்றார். இந்தத் தொழில் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஹெப்டேன் ஆவியாகி எதுவும் மிச்சம் வைக்காமல் போய்விடும். ஆனால் போனபின் பசைக்குப் பிசுபிசுப்பு திரும்பிவிடும். அதனால்தான் மருமகள் பக்கத்தில் பவுடரும் தூரிகையுமாக உட்கார்ந்திருக்கிறார். முதுகில் பவுடரைத் தடவி, மிச்சத்தைத் தட்டி, மெழுகுத்தாள்மேல் அடுக்குகிறார். ஆரஞ்சுத்தோல் எண்ணெயும் பசையைக் கரைக்கும். நீலகிரித் தைலமும் கரைக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் தங்கிக் கறையாகலாம் என்பதால் இவர்கள் தொடுவதில்லை. புது மை, புது வகைத் தலை வந்தால் கிழிந்துபோன ஒன்றில் முதலில் சொட்டிப் பார்க்கிறார்கள்.

காலையிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். மதியம் கடல்காற்று எழுந்தால் தலைகள் பறக்கும், தாள் நனைவதற்குள் ஹெப்டேனும் காய்ந்துவிடும். காற்றே இல்லாத நாளும் ஆகாது. ஹெப்டேன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். சம்மணமிட்டு வேலை செய்பவரின் மூக்குக்கு நேராக வரும். ஒரு பொறி போதும், பிடித்துக்கொள்ளும். உள்ளறையில் சாமி விளக்கு எரிவதால் வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் பாட்டிலையே திறக்கிறார்கள். உயரமான மேசை ஒன்றும் கையுறையும் இவர்களுக்கு அவசியம். கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை.

இப்படி உரித்து ஒட்டும் ரகம் புதிதல்ல. 1964-இலேயே சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவத்தில் தானே ஒட்டும் தபால்தலையை வெளியிட்டது. அமெரிக்கா 1974 கிறிஸ்துமஸுக்கு வெளியிட்ட புறாத் தலையில் பசை தாளுக்குள் ஏறி, பல பிரதிகள் பழுப்பாகிவிட்டன. பின்னர் அங்கே தாளுக்கும் பசைக்கும் நடுவே நீரில் கரையும் பூச்சு ஒன்றைச் சேர்த்தார்கள். 2000-க்குப் பிறகு அதையும் கைவிட்டார்கள். சேகரிப்பவரைக் கணக்கில் எடுக்காத முடிவு இது. பயணம் செய்து, முத்திரை வாங்கி, ஒரு கடிதத்துக்குச் சாட்சியாக நிற்கும் தலையைப் பின்னால் யார் எப்படிக் காப்பார்கள் என்று அஞ்சல் துறை பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் கவலை வீராம்பட்டினத் திண்ணையில்தான் இருக்கிறது.

எடுக்கவே கூடாதவையும் உண்டு. மூட்டையில் எப்போதாவது பழைய பிரெஞ்சிந்திய உறை வரும். 1892-இல் தொடங்கி 1954 நவம்பரில் முடிந்துபோன அஞ்சல் அது. 1923-க்குப் பிறகு விலை ஃபனோனிலும் காஷிலும்: 24 காஷ் ஒரு ஃபனோன், எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். அவற்றின் பசை தண்ணீரில் சுலபமாக விடும், சபலமும் அங்கேதான். எடுத்துவிட்டால் முகவரி, முத்திரை, வழித்தடம் எல்லாம் போய் வெறும் படம் மிஞ்சும். மருமகள் அப்படிப்பட்ட உறையை முழுசாக எடுத்துத் தனியே வைக்கிறார். முத்திரை தெளிவாக விழுந்த புதுத் தலையையும் உரிப்பதில்லை. சுற்றிலும் தாள் விட்டு வெட்டிவைக்கிறார். "இது ஊரு பேரோட இருக்கு சார், இருக்கட்டும்" என்றார்.

அப்படி வெட்டிவைப்பதற்குப் பாதிக் கூலி. முழு உறைக்கு ஒன்றுமில்லை. உரிப்பதைவிடக் கடினமான வேலை உரிக்காமல் விடத் தெரிவதுதான். அதற்கும் முழுக் கூலி தர வேண்டும் என்று நகரத்துக்குத் திரும்பியதும் வியாபாரியிடம் சொன்னேன். தாளோடு வெட்டியதைத்தான் இப்போது வாங்குபவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேசை வாங்கித் தருவதாகச் சொன்னார். கூலியை அடுத்த மூட்டை அனுப்பும்போது பேசலாம் என்றார்.