வழிப்போக்கரின் பங்கு



ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். ஏழைகளில் தொடங்கும் அவ்வரிசை, ‘இப்னுஸ் ஸபீல்’ எனப்படும் வழிப்போக்கரில் நிறைவடைகிறது. மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது ஏழைகளையும் கடனாளிகளையும் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்கின்றனர். வழிப்போக்கரிடம் வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “உஸ்தாத், ஊரில் வீடும் தோப்பும் உள்ளவருக்கு ஸகாத் எதற்கு?”

ஊரில் உள்ள செல்வம், வழியில் சிக்கி நிற்பவருக்கு அந்நேரம் உதவாது என்பதே மார்க்க அறிஞர்கள் தரும் விடை. அவ்விடையின் பொருளை நான் கிதாபுகளில் ஓதுவதற்கு முன்பே, என் வாப்பாவின் பயணத்தில் கண்டேன்.

வாப்பா பன்னிரண்டு ஆண்டுகள் குவைத்தில் ஒரு துணிக்கடையில் பணியாற்றினார். ரமலான் தோறும் ஸகாத் தொகையைக் கணக்கிட்டு அனுப்பி, யாருக்கு எவ்வளவு என்று உம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். 1990 ஆகஸ்ட் 2, வியாழன் அதிகாலையில் இராக்கியப் படைகள் குவைத்திற்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே குவைத், இராக்குடன் இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 60 இந்திய ரூபாய்க்கு நிகராக இருந்த குவைத் தினார், மதிப்பிழந்த இராக்கிய தினாருக்குச் சமமாக்கப்பட்டு, பின்னர் செல்லாக்காசாகவே ஆயிற்று. தொலைபேசியும் தபாலும் நின்றன. ஏழு வாரங்கள் வாப்பாவைப் பற்றி எங்களுக்கு எச்செய்தியும் இல்லை. பத்து வயதுச் சிறுவனாகிய நான் உறக்கத்தில் புரளும்போதெல்லாம், உம்மா முஸல்லாவில் அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

செப்டம்பரில் வாப்பாவும் உடன் பணிபுரிந்த ஐவரும் கையிலிருந்ததையெல்லாம் திரட்டி ஒரு பேருந்தில் இடம்பிடித்தனர். பஸ்ரா, பக்தாத், அதற்கப்பால் மேற்குப் பாலைவனம், பிறகு ஜோர்தான் எல்லை என, அம்மான் வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். விடுமுறைக்கு விமானத்தில் ஊர் வந்து பழகியவர், இரு நாடுகளின் நிலத்தைத் தரைவழியே கடந்து வீடு திரும்ப நேரும் என எண்ணியதே இல்லை.

ஜோர்தானின் ருவைஷித் எல்லையை ஒட்டிய வெட்டவெளியில் பல்லாயிரக்கணக்கானோர் கூடாரங்களில் தங்க வைக்கப்பட்டிருந்தனர். எகிப்தியர், வங்கதேசத்தவர், இலங்கையர், நம் நாட்டவர் என எல்லோரும் அங்கே இருந்தனர். குடிப்பதற்கே நீர் போதாத நிலையில், மண்ணில் தயம்மும் செய்து, சுருக்கித் தொழுதார்கள். லாரிகளில் ரொட்டி வரும். முதல் நாள் வாப்பா வரிசையில் நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கொடுத்தவருக்குக் கை நீட்ட மனம் வரவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த எகிப்தியப் பெரியவர் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் வாப்பாவின் கையைப் பற்றி வரிசைக்கு அழைத்துச் சென்று, “நீர் இப்போது இப்னுஸ் ஸபீல். இது மனிதர் போடும் பிச்சையன்று. அல்லாஹ் தன் வேதத்தில் உமக்கென எழுதி வைத்த பங்கு. அதைப் பெற வெட்கம் எதற்கு?” என்றாராம். வாப்பா அன்று ரொட்டியை வாங்கிக்கொண்டார்.

அம்மானிலிருந்து இந்திய அரசு 59 நாட்களில் ஏர் இந்தியா உள்ளிட்ட விமானங்களை 488 முறை இயக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை மீட்டது. அவற்றுள் ஒன்றில் பம்பாய் வந்த வாப்பா, ரயிலில் சென்னையை அடைந்து, பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. அடுத்த ரமலானில் எங்கள் வீட்டில் ஸகாத் கணக்கு எழுதப்படவில்லை. எழுதுவதற்கு எதுவும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ஊரிலேயே சிறு துணிக்கடை தொடங்கி மீண்டும் கணக்கெழுதியபோது, பட்டியலின் முதல் வரியில் ‘வழிப்போக்கர்’ என எழுதினார். பேருந்து நிலையத்தில் பணத்தைத் தொலைத்து நிற்பவரிடமும், வெளியூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்து திரும்ப வழியின்றித் தவிப்பவரிடமும், “எங்கே போக வேண்டும்?” என்று மட்டும் கேட்பார். பயணச்சீட்டும் உணவும் வாங்கித் தருவார். ஊரையும் பெயரையும் துருவிக் கேட்க மாட்டார்.

2020 ஊரடங்கில் வட மாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப இயலாமல் தவித்தபோது, எழுபதைக் கடந்திருந்த அவர், வீட்டில் சோறாக்கி அனுப்பச் சொன்னார். முஸ்லிம்களுக்கு ஸகாத்திலிருந்தும் பிற சமயச் சகோதரர்களுக்கு ஸதக்காவிலிருந்தும் செலவிடக் கணக்கைத் தனித்தனியே வைத்தார். ஆயினும் சோறு ஒரே சட்டியில்தான் வெந்தது. “வரிசையில் நிற்க வைக்காதே, அவர்கள் இருக்கும் இடத்திற்கே கொண்டுபோய்க் கொடு” என்று என்னிடம் வலியுறுத்தினார். அது யார் நின்ற வரிசையின் நினைவு என்பதை நான் கேட்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, நம்மில் பலர் ஸகாத்தைத் தெரிந்த முகங்களுக்கே பங்கிடுகிறோம். அதில் தவறில்லை. எனினும் வழிப்போக்கரை நமக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பெயர் எந்த ஜமாஅத்தின் பட்டியலிலும் இராது. நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். நம் பிள்ளைகளும் சகோதரர்களும் இன்று எத்தனையோ நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் வழியில் நிற்கும் நாளில் யாரோ ஒருவர் இந்த எட்டாவது பங்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பயணியின் துஆ மறுக்கப்படுவதில்லை என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். அத்துஆவில் இடம்பெறும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக. பெயர் அறியாத அந்த எகிப்தியப் பெரியவருக்கும் அவன் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.