ஆல் பாஸும் ஆத்தங்கரையும்

"நீ கொரோனா பேட்ச்சா? பரீட்சை எழுதாமலே பாஸ் ஆன கோஷ்டிதானே?" என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் மக்களே. கேட்டால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் எங்கள் மண்டைக்குள் என்ன ஓடியது என்று யாரும் கேட்டதில்லை. அதனால் இந்தப் பதிவு.

2019ல் பி.எஸ்சி. சேர்ந்தவர்கள் நாங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் பஸ். 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகளை மூடினார்கள். மார்ச் 31 வரைதான் என்றார்கள். முதல் வாரம் செம ஜாலி. அப்புறம் ஊரடங்கு வந்தது, தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடவில்லை என்றபோதுதான், 'ஓஹோ, இது சாதாரண விஷயம் இல்லை போல' என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கே உறைத்தது.

ஆன்லைன் வகுப்பு என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. எங்கள் பக்கம் அது எப்படி இருந்தது என்றால், வீட்டில் ஒரு போன். காலையில் தங்கைக்கு, மதியம் எனக்கு. அம்மா பீடி சுற்றுகிறவர். முதல் ஊரடங்கில் பீடிக்கடையில் இலையும் தூளும் கொடுக்கவில்லை, கூலியும் இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து 'எனக்கு மனசு சரியில்லை' என்று எப்படிச் சொல்வது? சோற்றுக்கே கணக்குப் போடும்போது மனசு ஆடம்பரப் பொருள் மாதிரி தெரியும். 2021 ஜனவரியில் அரசு, கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பேச ஆள் வேண்டுமே, அது டேட்டாவில் வராதே!

என் நண்பன் ஒருவன். முக்கூடல் பக்கம். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். 2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ் என்று முதல்வர் அறிவித்தார். ஊரெல்லாம் மீம்ஸ், கொண்டாட்டம். இவனும் ஸ்டேட்டஸ் வைத்தான். பிறகு வழக்கு போட்டார்கள். 2021 ஏப்ரலில், தேர்வே நடத்தாமல் பாஸ் போட்டதை ஏற்க முடியாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் சொன்னது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு மாதம் 'நான் பாஸா, ஃபெயிலா' என்று தெரியாமல் இருந்தவனை யோசித்துப் பாருங்கள். அவன் ராத்திரி நாலு மணிக்குத் தூங்கி மதியம் எழ ஆரம்பித்தான். சாப்பாடு குறைந்தது. போன் போட்டால், "ஒண்ணுமில்லல, சும்மாத்தான் இருக்கேன்." அவ்வளவுதான்.

அந்த 'சும்மாத்தான்' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. கல்லூரி என்றால் பாடம் மட்டும் இல்லை. காலை வெயில், ஏழரை மணி பஸ், நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்து பெஞ்சுக்காரன். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிப்படுத்துவதே இவைதான். எல்லாம் ஒரே நாளில் போனால் தூக்கம் போகும், பின்னாலேயே மனசும் போகும். இதில் சோம்பேறித்தனம் என்று திட்ட எதுவும் இல்லை.

2021 மே ஊரடங்கு தளர்ந்தபின் அவனை சைக்கிளில் ஆற்றங்கரைக்கு வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றான், நானே போய்க் கூட்டி வந்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தாமிரபரணியில் அரை மணி நேரம் குளித்தோம், வீட்டுக்குப் போனோம். மறுநாளும் அதேதான். மனசு சரியானபிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், முதலில் சின்னதாக ஒன்றைச் செய், மனசு பின்னால் வரும் என்று ஒரு சிகிச்சை முறையே இருப்பதாகப் பிற்பாடு படித்தேன்.

ஆறு மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கழித்து அவனாகவே, "டாக்டரைப் பாக்கணும்ல, கூட வா" என்றான். போனோம். மாத்திரை, பேச்சு இரண்டும் சில மாதம். அரியரை எழுதி முடித்தான். இப்போது வேலையில் இருக்கிறான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

அதே 2021ல் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் ஆள் எடுக்கும் விளம்பரத்தில் 2021ல் படித்து முடித்தவர்களுக்குத் தகுதி இல்லை என்று போட்டிருந்தார்கள். தட்டச்சுப் பிழை என்று பிறகு வங்கி விளக்கம் கொடுத்தது. பிழையாகவே இருக்கட்டும். அதைப் பார்த்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தரும் பேசவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஆசை இல்லாமல் போனால் டாக்டரைப் பாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச எண் இருக்கிறது, ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம். எங்களுக்கு அப்போது அது இல்லை, இப்போது படிக்கிறவர்களுக்கு இருக்கிறது.

உங்கள் வகுப்பிலும் அப்படி அமைதியாகிப்போன ஒருத்தர் இருப்பார். 'எப்படி இருக்கே' என்று கேட்டால் 'சும்மாத்தான்' என்றுதான் பதில் வரும். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன், கிளம்பி நில்லு" என்று சொல்லிப் பாருங்களேன்.