வளையங்கள்
வேறெதுக்கோ பண்ணின எண்டோஸ்கோப்பியில்தான் அப்பாவின் உணவுக்குழாயில் அது கண்ணில் பட்டது. டாக்டர் பதிவை ஓட்டிக் காட்டினார். நீலமும் பச்சையுமாகக் குறுகிய ஒளி. அதை ரத்தம் உறிஞ்சுவதால் மெல்லிய நாளங்கள் பழுப்பாகத் தெரிந்தன.

புது ரத்தநாளம் இல்லாமல் புற்றுக்கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டாது என்று ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். சோறு போடும் அந்த நாளங்களே இங்கே காட்டியும் கொடுக்கின்றன. முறுக்கிக்கொண்டாலும் வளையமாகவே இருந்தால், பெரும்பாலும் மேலடுக்கோடு நிற்கிறது. வளையம் அவிழ்ந்து நீண்டிருந்தால் ஆழம் போயிருக்கலாம்.

லாகில் பிழை தேடிப் பழகின நான், அன்றைக்கு வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் வளையமாத்தான் இருக்கு. பயாப்ஸி வரட்டும், உள்ளயிருந்தே சீவி எடுத்துடலாம்."

வெளியே அப்பா கேட்டார்: "காபி குடிக்கலாமாடா?"

"தொண்டை மரத்திருக்குப்பா. கொஞ்ச நேரம் போகட்டும்."

என் குரல்தான் அடைத்திருந்தது.