பெரிய ஊசி

சென்னைப் புறநகரில் இருக்கும் அந்த விலங்குக் காப்பகத்தில் ‘கருணைக்கொலை’ என்று யாரும் சொல்வதில்லை. வெறிநோய்த் தடுப்பு மருந்து ‘ஊசி’. இது ‘பெரிய ஊசி’. நான் போன காலையில் அதற்காக ஒரு நாய் காத்திருந்தது. லாரி ஏறி முதுகெலும்பு நொறுங்கிய செம்பழுப்புப் பெட்டை. மூன்று நாள் வைத்தியம் பார்த்துவிட்டு, இனித் தேறாது என்று டாக்டரம்மா எழுதிவிட்டார்.

நான் பார்க்கப் போனது, அந்த ஊசிக்கு முன்னும் பின்னும் நாயைத் தொடுகிறவரை. அறுபதை நெருங்குகிற மனிதர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’.

முதல் வேலை துணி பொறுக்குவது. வீடுகளிலிருந்து வந்த பழைய போர்வைக் குவியலைக் கிளறி, கிழியாத ஒன்றை எடுத்து, நாலாக மடித்து மேசைமேல் விரித்தார். “எவர்சில்வர் சில்லுனு இருக்கும் சார். அப்புறம், உசுரு போறப்ப ஒண்ணுக்குப் போயிடும். அந்த ஈரத்துல அது கிடக்கக் கூடாதில்ல?”

நாயைக் கயிற்றில் இழுத்து வரவில்லை. ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கி வந்தார். முதலில் தசையில் மயக்க ஊசி. அது ஏறும்வரை மேசையோரமாக நின்று காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தார். இடது காதின் நுனியில் ‘வி’ வடிவ வெட்டு. கருத்தடை ஆனதற்கு அடையாளம்.

கண் சொருகியதும், முன்னங்காலில் தீப்பெட்டி அளவுக்கு முடியை மழித்தார்கள். முழங்கைக்குக் கீழே அண்ணா கட்டைவிரலை வைத்து அழுத்த, நரம்பு புடைத்தது. டாக்டரம்மா ஊசியைச் செருகினார். சிரிஞ்சுக்குள் ரத்தம் எட்டிப் பார்த்த அதே நொடியில் கட்டைவிரல் தளர்ந்தது. யாரும் சொல்லவில்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. மருந்து உள்ளே போனது. விலா ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இல்லை.

முடிந்தது என்று நினைத்து நான் நகர்ந்தேன். அவர்கள் நகரவில்லை. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். விழியோரத்தைத் தொட்டுப் பார்த்தார். சில நிமிடம் விட்டு மறுபடியும் கேட்டார். இடையில் நாய் சட்டென்று வாய் திறந்து ஒருமுறை காற்றை இழுத்தது. நான் பதறினேன். அண்ணாவின் உள்ளங்கை விலாவைவிட்டு எழவில்லை. “உசுரு போனது உடம்புக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும் சார்” என்றார்.

நாய்க்குக் கண் மூடாது. இமையை இழுத்துவிட்டாலும் திறந்துகொள்ளும். வெளியே தொங்கிய நாக்கை உள்ளே தள்ளி வாயைச் சேர்த்துவிட்டு, போர்வையின் ஓரத்தால் முகத்தை மூடினார்.

இதே ஊரில் 1996 வரை மாநகராட்சியே தெருநாய்களைப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு, கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள் என்று பல ஆண்டுகள் கேட்ட பிறகுதான் அது நின்றது. பிழைக்க வழியில்லாத நாய்க்கு மட்டுமே ஊசி, அதையும் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும், இன்னொரு நாயின் முன்னிலையில் போடக் கூடாது, அப்புறப்படுத்துமுன் இறப்பை உறுதிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் 2001-ல் விதிகளாக வந்தன. அண்ணாவுக்குச் சட்டத்தைவிட வண்டிதான் நினைவிருக்கிறது. “எங்க தெருவுக்கு நாய்வண்டி வரும். ஏத்துறதும் வீசுறதுதான், இறக்குறதும் வீசுறதுதான்.”

பின்புறம் குழி தயாராக இருந்தது. ஆழம் இரண்டு மீட்டர். மருந்து சடலத்திலேயே தங்கிவிடும். மேலாகப் புதைத்தால் தோண்டித் தின்னும் நாயும், கொத்தித் தின்னும் பருந்தும் சாகும். போர்வையின் நாலு முனையிலும் கயிறு கட்டி, அண்ணாவும் ஒரு பையனும் மெல்ல இறக்கினார்கள். குழந்தையைத் தூளியில் இடுகிற மாதிரி இருந்தது. அடியில் பட்டதும் கயிறு தொய்ந்தது. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே மண்.

“தூக்கிப் போட்டா அதுக்குத் தெரியவா போகுது?” என்று கேட்டேன். கேட்டபின் கூசியது. அவர் கோபப்படவில்லை.

“அதுக்குத் தெரியாது சார். கைக்குப் பழகிடும். இன்னிக்குச் செத்ததை வீசுன கை, நாளைக்கு உசுரோட இருக்கிறதைக் கழுத்தைப் புடிச்சு இழுக்கும். இந்தப் பையனுக்கு மொத நாள் இதைத்தான் சொன்னேன்.”

மண்ணைத் தட்டிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த வேறொன்றை மாட்டிக்கொண்டார். கூண்டுகளில் இருக்கிறவற்றுக்கு வாசனை தெரிந்துவிடும், அன்றைக்குச் சாப்பிடாது என்றார். நாயின் முன்னிலை என்பதை விதி கண்ணால் அளந்திருக்கிறது. இவர் மூக்கால் அளந்து வைத்திருக்கிறார்.

சோற்றுக் குண்டானோடு முதல் கூண்டைத் திறந்தார். மூன்று கால் கறுப்பு நாய் ஒன்று நொண்டி வந்து அவர் கையை நெடுநேரம் மோந்தது. அவர் அசையாமல் நின்றார். பிறகு அது தட்டில் வாய் வைத்தது.